சாம்பிராணிப் புகை: பீடை போகுமா, மூச்சு முட்டுமா?

வாசல்மணி
வாட்ஸாப்பில் ஒரு ஃபார்வேர்ட் சுற்றுகிறது. செவ்வாய், வெள்ளி அந்தியில் ஜன்னல் கதவெல்லாம் சாத்திவிட்டு, வெண்கடுகு, நாய்க்கடுகு, மருதாணி விதை, அருகம்புல், சாம்பிராணி ஐந்தையும் தணலில் போட்டு அரை மணி நேரம் புகை பிடிக்க விட வேண்டுமாம். எதிர்மறை ஆற்றல் விலகும், 94% கிருமி சாகும், கைக்குழந்தைக்கும் காட்டலாம் என்று முடிகிறது. இதில் எது சரி, எது கட்டுக்கதை? இரண்டு பக்கமும் பேசுங்கள்.

தூபக்கால்
புகை போடுவது சரி. அந்த ஃபார்வேர்ட் சொல்லும் முறைதான் தப்பு.

கொட்டாங்குச்சிக் கரி நெல்லிக்காய் அளவில் மூன்று துண்டு போதும். கம்பி வலையில் வைத்து, உள்வரை சிவந்து மேலே சாம்பல் பூக்கும்வரை காத்திருக்க வேண்டும். தூபக்காலில் ஒரு விரல் உயரம் மணலோ பழைய சாம்பலோ பரப்பி அதன்மேல் கரியை வைக்கவும். கரியின் தலையிலும் சாம்பலை லேசாகத் தூவவும். பலர் விட்டுவிடுவது இந்தக் கடைசி வேலையைத்தான். சாம்பல் இல்லாத செந்தணலில் சாம்பிராணி விழுந்தால் குப்பென்று பற்றிக் கரும்புகை கக்கும், வாசனை கருகிப்போகும். சாம்பல் இருந்தால் முதலில் உருகி, குமிழ் விட்டு, வெள்ளையாகப் புகையும்.

சாம்பிராணியை மாவாக அரைக்கக் கூடாது. ரவைப் பதத்தில் இடித்தால் நின்று புகையும். 10க்கு 12 அடி அறைக்கு மொத்தமே அரைத் தேக்கரண்டி, அதையும் மூன்று சிட்டிகையாகப் போட வேண்டும். போட்ட பிறகு ஊதக் கூடாது. முதலில் வீட்டைப் பெருக்கி, விளக்கேற்றி, சாமிக்குக் காட்டி, அறை மூலைகள், கதவிடுக்கு, அலமாரி என்று சுற்றி வாசலில் முடிக்க வேண்டும். ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.

கரிமச்சங்கிலி
முறை அருமை. அந்த 94% எங்கிருந்து வந்தது என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். 2007இல் லக்னோவிலுள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிலையத்தார் வெளியிட்ட ஆய்வு அது. மூடிய அறையில் விறகோடு ஹோமத்துக்கான மூலிகைக் கலவையை ஒரு மணி நேரம் எரித்தார்கள். காற்றில் இருந்த பாக்டீரியா எண்ணிக்கை 94 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. அதில் எரிந்தது நம் தூபக்கால் சாம்பிராணி இல்லை. அளந்தது காற்றில் மிதந்த பாக்டீரியாவை, அறையில் இருப்பவரின் நுரையீரலை யாரும் அளக்கவில்லை. அமெரிக்கக் கடைகள் இதே எண்ணை புகை போட விற்கும் வெள்ளை சேஜ் என்ற செடியின் இலைக்கட்டுக்கு ஒட்டி விற்கின்றன, இங்கே சாம்பிராணிக்கு ஒட்டுகிறார்கள்.

நுண்துகள் கணக்கையும் பாருங்கள். வெளிக்காற்றில் பிஎம் 2.5 (2.5 மைக்ரானும் அதற்குக் குறைந்ததுமான துகள்) அளவுக்கு 24 மணி நேரச் சராசரி வரம்பு இந்தியாவில் கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 15. கண்ணுக்குத் தெரியும் அளவு புகை சூழ்ந்த அறையில் அந்த நிமிடங்களில் இதெல்லாம் எப்போதோ தாண்டியிருக்கும்.

தூபக்கால்
24 மணி நேரச் சராசரியைப் பத்து நிமிடப் புகையோடு ஒப்பிடுவது நியாயமா? வாரம் இரண்டு நாள், திறந்த ஜன்னல். தினமும் மூன்று வேளை எண்ணெய் காயும் அடுப்படியைப் பற்றி யாரும் இப்படிப் பேசுவதில்லையே. தூபப்புகை மனப்பதற்றத்தைக் குறைக்கிறது என்று 2008இல் ஓர் ஆய்வும் வந்தது.

இன்னொன்று, ‘எதிர்மறை ஆற்றல்’ என்பதே நேற்று வந்த மொழிபெயர்ப்பு. வீட்டில் புழங்கிய சொல் பீடை, திருஷ்டி, காத்து கருப்பு. திருக்கடவூர்க் குங்கிலியக் கலய நாயனார் மனைவியின் தாலியை நெல் வாங்கக் கொண்டுபோய்க் குங்கிலியம் வாங்கி வந்தார் என்றால் அது சாமிக்கு. வீட்டைச் சுற்றிக் காட்டுவது அந்த மரியாதையின் நீட்சி. மீட்டர் வைத்து அளக்கும் ஆற்றல் என்று யார் சொன்னது?

கரிமச்சங்கிலி
ஃபார்வேர்ட் சொல்கிறதே ஐயா! பூசை என்று சொன்னால் எனக்கு வழக்கே இல்லை. மருந்து என்று சொல்லும்போதுதான் கணக்குக் கேட்கிறேன். சராசரி பற்றி நீங்கள் சொன்னது சரி, பத்து நிமிடத்தை அப்படியே ஒப்பிட முடியாது. ஆனால் ஃபார்வேர்டின்படி ஜன்னலைச் சாத்தினால் அந்தத் துகள் பத்து நிமிடத்தில் போகாது, மணிக்கணக்கில் தங்கும்.

2008 ஆய்வு எலியில் நடந்தது. குந்திரிக்கப் (ஃபிராங்கின்சென்ஸ்) பிசினிலிருந்து பிரித்தெடுத்த ஒரு சேர்மத்தைத்தான் எலிக்குக் கொடுத்தார்கள். அது போஸ்வெல்லியா மரம். நம் சாம்பிராணி ஸ்டைராக்ஸ் மரத்துப் பிசின், முக்கியமாகச் சுமத்ராவிலிருந்து வருவது. இரண்டையும் ஒன்றென்று எழுதும் தளங்கள் ஏராளம். சாம்பிராணியில் பென்சாயிக் அமிலம் நிறைய. சூட்டில் அது ஆவியாகி எழும்பும், தொண்டையைச் சீண்டி இருமலைக் கிளப்பும். புகை பட்டதும் இருமல் வந்தால் உள்ளே இருந்த பீடை வெளியேறுகிறது என்பார்கள், அந்த அமில ஆவியும் புகையும்தான் காரணம்.

மருந்துச்சீட்டு
யாரும் தொடாத வரிக்கு வருகிறேன்: கைக்குழந்தை. பிறந்த குழந்தை நிமிடத்துக்கு 30 முதல் 60 முறை மூச்சு விடும், பெரியவர் 12 முதல் 20. எடைக்கு எடை பார்த்தால் புகையைக் கூடுதலாக இழுக்கும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியதும் தலைமாட்டில் தூபக்காலை வைக்கும் பழக்கத்தை நிறுத்தியே ஆக வேண்டும். தலை ஈரம் போக பருத்தித் துண்டால் ஒற்றி எடுத்தால் போதும், குழந்தைக்கு இருக்கும் முடிக்கு அதுவே அதிகம்.

புகையை விடக் கரி மோசம். தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும், நிறமோ வாசனையோ கிடையாது. சாம்பல் பூத்த தணலும் அதை விட்டுக்கொண்டேதான் இருக்கும். பிள்ளை பெற்றவளையும் குழந்தையையும் குளிர் படாமல் ஜன்னல் சாத்திய அறையில் வைத்து, கட்டிலுக்கடியில் தணல் சட்டி வைப்பதில் உயிரே போகலாம். தலைவலி, குமட்டல், அசதி என்று ஆரம்பிக்கும், தூக்கத்தில் இருப்பவருக்கு அதுவும் தெரியாது. ஆஸ்துமாக்காரர், கர்ப்பிணி, கூண்டுப் பறவை இருக்கும் வீட்டிலும் வேண்டாம்.

தூபக்கால்
கட்டிலடித் தணலில் உங்கள் கட்சிதான். புகை போட்டு முடித்ததும் தூபக்காலை வாசலுக்கோ மொட்டை மாடிக்கோ கொண்டுபோய்விட வேண்டும், அறையில் விட்டு வைக்கக் கூடாது. பெரியவர்கள் கூந்தலுக்குப் புகை பிடிப்பதானால் மூங்கில் கூடையைத் தணல்மேல் கவிழ்த்து, அதன்மேல் முடியை விரிக்க வேண்டும். முடி கூடைக்குள் தொங்கக் கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பற்றும்.

பழையசோறு
எல்லாரும் சாம்பிராணியிலயே நிக்கிறீங்க. மிளகாய் சுத்திப் போடுறதுக்கு என்ன சொல்றீங்க? திருஷ்டி இருந்தா நெடியே வராது, இல்லைன்னா வீடே இருமும். இது கண்கூடு.

கரிமச்சங்கிலி
கண்கூடுதான், மறுக்கவில்லை. மிளகாய் எங்கே விழுகிறது என்று பாருங்கள். கொழுந்துவிட்டு எரியும் தீயில் விழுந்தால் காரச்சத்து எரிந்தே போய்விடும், நெடி வராது. மங்கலான தணலில் விழுந்தால் எரியாமல் ஆவியாகிக் காற்றில் கலக்கும், அப்போதுதான் வீடு இருமும். மிளகாய் ரகமும் உண்டு. பேடகி மிளகாய் நிறத்துக்கு, காரம் குறைவு. அடுத்த முறை எதையும் சுற்றாமல் நான்கு மிளகாயைத் தீயிலும் நான்கைத் தணலிலும் போட்டுப் பாருங்கள். கல்லுப்பு படபடவென்று வெடிப்பதும் அப்படித்தான்: கல்லுக்குள் சிக்கிய நீர் ஆவியாகிக் கல்லைப் பிளக்கிறது. தூள் உப்பில் அந்தச் சத்தம் எடுபடாது.

பழையசோறு
சுத்தாம போட்டா அது சோதனையே இல்லை, வெறும் மிளகாய் வறுவல். ஆனா தீ, தணல் வித்தியாசம் உண்மைதான், விறகடுப்பு வச்சவங்களுக்குத் தெரியும்.

வாசல்மணி
கரி பிடிக்க வசதியில்லாத அடுக்ககத்தில் கம்ப்யூட்டர் சாம்பிராணி, கப் சாம்பிராணி பரவாயில்லையா?

தூபக்கால்
அதில் பெரும்பகுதி கரித்தூளும் மரத்தூளும் ஒட்டுப்பொருளும் சென்ட்டும்தான். கப்பின் நடுவில் இருக்கும் சிட்டிகைக்குத்தான் சாம்பிராணி என்று பெயர். ஆசைக்கு ஏற்றுவதானால் பால்கனியில் பற்றவைத்து, விளிம்பு சாம்பலாகி முதல் புகை போனபின் உள்ளே எடுங்கள். வெறும் தட்டில் வைத்தால் சூடு கீழே இறங்கி மர அலமாரியில் தழும்பு விழும், மணல் அவசியம்.

கரிமச்சங்கிலி
இதில் ஐயாவோடு முழு உடன்பாடு, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கட்டி சாம்பிராணியிலும் கலப்படம் உண்டு. பைன் மரப் பிசின் கலந்திருந்தால் புகை கறுத்து, சால்டரிங் (ஈயம் உருக்கிக் கம்பி ஒட்டும் வேலை) வாடை அடிக்கும். அந்தப் பிசினின் புகை சால்டரிங் வேலை செய்பவர்களுக்குத் தொழில்வழி ஆஸ்துமா தருவது நன்கு அறியப்பட்டது. நல்ல சாம்பிராணியில் லேசாக வெனிலா மணம் இருக்கும்.

பழையசோறு
வெள்ளை சேஜ் கட்டு ஆன்லைன்ல கிடைக்குதே, அது?

தூபக்கால்
அது தெற்கு கலிபோர்னியாப் பூர்வகுடிகளின் சடங்குச் செடி. காட்டில் திருட்டுத்தனமாக வெட்டிக் கட்டு கட்டி விற்கிறார்கள் என்று அவர்களே முறையிடுகிறார்கள். கொல்லையில் நொச்சியும் வேம்பும் இருக்க அது எதற்கு? நொச்சியை நிழலில் காயவைத்துப் போடுங்கள். பச்சை இலையில் நீர் இருப்பதால் புகை மட்டும் மண்டும். கொசு சாகும் என்று எதிர்பார்க்காதீர்கள், புகை இருக்கும்வரை விலகியிருக்கும்.

மருந்துச்சீட்டு
அணைப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சாம்பல் மூடிய கரி உள்ளே மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். அப்படியே குப்பைக் கூடையில் கொட்டினால் பிளாஸ்டிக் பற்றிக்கொள்ளும். வெளியே வைத்து மணலால் மூடுங்கள், மறுநாள் காலையில் கொட்டலாம். சூடான மண் தூபக்காலில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும்.

வாசல்மணி
அப்படியானால் ஃபார்வேர்டில் மிஞ்சுவது செவ்வாயும் வெள்ளியும்தானா?

தூபக்கால்
அந்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கரிமச்சங்கிலி
திறந்த ஜன்னலையும்.