ரோயல் ஓக் 50 (ஓடமார் பிகே கம்பனியின் ரோயல் ஓக் வாட்சின் ஐம்பதாம் ஆண்டு வெளியீடு): கையில் எடுத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

நுவரெலியா
நான் ஹோட்டலில் ராத்திரி டியூட்டி. வெளிநாட்டிலிருந்து வந்த நம்மவர் ஒருவர் வாட்சைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் படிவம் நிரப்பினார். நீல முகம், எண்கோண வளையம், 39 மில்லிமீற்றர். 16202 என்ற மொடல் என்று தெரிந்துவிட்டது. ஆனால் ஐம்பதாம் ஆண்டு வெளியீடா என்று முன்பக்கம் பார்த்துச் சொல்ல முடியாதே. கேட்கத் தயக்கமாக இருந்தது. என் கண் போன இடத்தைப் பார்த்துவிட்டார். "பாருங்க தம்பி" என்று அவரே திருப்பிக் காட்டினார். பின்கண்ணாடிக்குள் தங்க ரோட்டர் (கை அசைய ஆடி ஸ்பிரிங்கை முறுக்கும் எடை), அதிலேயே 50 என்று வெட்டியிருந்தது. 2022இல் செய்தவற்றுக்கு மட்டும் போட்டது. அது ஆடி ஆடி ஓயும்வரை இரண்டு பேருமே பேசவில்லை.

ஹட்டன்
நானும் 16202இல் ஒரு 50 பார்த்தேன், ஆனால் போலி. எங்களுடையது அப்பா காலத்து ரிப்பேர் கடை. கட்டாரில் வேலை செய்யும் தோட்டத்துப் பையன் ஒருவன் லீவில் வந்தபோது கொண்டுவந்தான். நின்றுபோய்விட்டதாம். அசலில் செக்கன் முள்ளே கிடையாது, இதில் இருந்தது. வளையத்தின் எட்டுத் திருகாணியிலும் கீறல் எட்டுத் திசை பார்த்தது. அசலில் அறுகோணத் தலை அறுகோணக் குழிக்குள் உட்கார்ந்திருக்கும், திரும்பவே திரும்பாது. முடுக்குவது பின்பக்கமிருந்துதான். அதனால் கீறல்கள் வட்டத்தோடு ஒரே ஒழுங்கில் ஓடும்.

சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் அவனுடைய அப்பா. வாட்ச் அவருக்குத்தான். கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன விரலால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டரியை மாற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். செய்தது சரியா என்று இன்றுவரை மனதை அரிக்கிறது.

பண்டாரவளை
ஹட்டன் தம்பி, சொல்லியிருக்க வேண்டும். நாளைக்கு ஒரு முடைக்கு அதை அடகுக்கடையில் கொண்டுபோய் வைத்தால்? அவமானம் அந்தப் பெரியவருக்குத்தானே.

நுவரெலியாத் தம்பி சொன்னதிலும் எனக்கு ஒன்று உண்டு. 50 போட்டதால் அது 1972 ஆகிவிடாது. 1972இல் வந்த முதல் ரோயல் ஓக், வடிவமைப்பாளர் ஜெரால்ட் ஜென்டா வரைந்த 5402. அதில் ஓடியது 2121 என்ற இயந்திரம், தடிப்பு 3.05 மில்லிமீற்றர். 16202இல் இருப்பது 7121, புது இயந்திரம். கொழும்பில் ஒருவருடைய 5402ஐ அரை நிமிடம் கட்டிப் பார்த்தேன். சட்டைக் கைக்குள் வழுக்கிக்கொண்டு போனது. அவ்வளவுதான் என் கதை.

மலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், எந்த வாட்சாக இருந்தாலும் சரி. 50 மீற்றர் வரை தண்ணீர் தாங்கும் என்று எழுதியிருப்பதை நம்பி இருந்துவிடாதீர்கள். உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் காலம் போகப் போக இறுகிவிடும். பனிமூட்டத்திலிருந்து அடுப்படிக்கு வரும்போது கண்ணாடியின் வெளிப்பக்கம் ஆவி படிந்தால் துடைத்துவிடலாம். உள்பக்கம் படிந்தால் உள்ளே ஈரம் புகுந்துவிட்டது என்று அர்த்தம். அரிசிக்குள் புதைத்து வைக்காமல் உடனே திறந்து காயவைக்கக் கொடுங்கள். அப்புறம் பொலிஷ். ரோயல் ஓக்கின் உடம்பு மெல்லிய கோடு கோடாக இழைத்தது. பளபளப்பு ஏற்றப் போனால் விளிம்பு மழுங்கிவிடும். அந்த வாட்சின் உயிரே விளிம்பில்தான்.

ஹட்டன்
அடகு எனக்குத் தோன்றவே இல்லை ஐயா. பையன் தீபாவளிக்கு வருவான். அப்பா இல்லாத நேரம் பார்த்துக் கடைக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறேன்.