களி உருண்டை நடுவில் ஏன் ஆறிக் கிடக்கிறது? மைக்ரோவேவ் உள்ளிருந்துதான் சூடாக்குகிறதா?

பென்னாகரத்தான்:
ராத்திரி மீந்த களி உருண்டையைக் காலையில் மைக்ரோவேவில் 2 நிமிடம் வைத்தேன். மேலே கை வைக்க முடியாத சூடு. பிட்டால் நடுவில் ஜில்லென்று இருக்கிறது. உள்ளிருந்து வெளியே சூடாக்கும் என்று சொல்லித்தானே கடையில் விற்றார்கள்?

காவேரிப்பட்டணம் அக்கா:
கடையில் சொன்னது சரிதான் தம்பி. பேக்கரி பப்ஸ் ஒன்றை வைத்துப் பாருங்கள். தோல் வெதுவெதுப்பாக இருக்கும்போதே உள்ளே மசாலா நாக்கைப் பொசுக்கிவிடும். உங்கள் அடுப்பில்தான் ஏதோ கோளாறு.

ஓசூர் வாத்தியார்:
அக்கா பார்த்தது உண்மை, காரணம்தான் வேறு. பப்ஸ் தோல் காய்ந்தது, அதில் ஈரம் குறைவு. அலை அதைத் தாண்டிப் போய் உள்ளே இருக்கும் ஈர மசாலாவில் உறிஞ்சப்படுகிறது. களி அப்படியில்லை, மேலிருந்து நடுவரை ஒரே ஈரம். மேலே 2, 3 செ.மீ. ஆழத்துக்குள்ளேயே அலையின் பெரும்பங்கு தீர்ந்துவிடும். அதற்கு உள்ளே வெப்பம் மெல்லப் பரவித்தான் போக வேண்டும். களியில் அது சுலபத்தில் பரவாது.

தண்ணீர் மூலக்கூறின் ஒரு பக்கம் நேர்மின் சாய்வு, மறுபக்கம் எதிர்மின் சாய்வு. அடுப்புக்குள் மின்புலம் நொடிக்கு 245 கோடி தடவை சுற்றிச் சுற்றித் திசை மாறுகிறது. மூலக்கூறுகள் அதோடு சேர்ந்து திரும்பப் பார்த்து, பக்கத்தில் இருப்பவற்றோடு முட்டிக்கொள்கின்றன. நாம் சூடு என்பது அந்த முட்டலைத்தான்.

ஊத்தங்கரை மாமரம்:
245 கோடி என்பது தண்ணீரின் சொந்த அதிர்வெண், அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று படித்திருக்கிறேன். அப்புறம், கதிர்வீச்சு சாப்பாட்டில் தங்கிவிடும் என்று எங்கள் அம்மா இதில் சூடாக்கியதைத் தொடுவதே இல்லை.

ஓசூர் வாத்தியார்:
இரண்டுமே தவறு. திரவத் தண்ணீர் அதிகமாக உறிஞ்சுவது ஏறக்குறைய 2,000 கோடியில். அந்த அதிர்வெண்ணில் அடுப்பு செய்திருந்தால் மேல்தோலிலேயே அலை தீர்ந்து, களியின் நடுப்பகுதி இன்னும் மோசமாகத்தான் இருந்திருக்கும். அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: விளக்கை அணைத்தபின் அறையில் வெளிச்சம் மிஞ்சுமா? அதேபோல அடுப்பு நின்றதும் அலையும் போய்விடும். சாப்பாட்டில் மிஞ்சுவது சூடு மட்டும்.

அக்கா, ஒரு சோதனை செய்து பாருங்கள். சுழல் தட்டையும் அதைச் சுற்றவைக்கும் உருளையையும் எடுத்துவிட்டு, ஒரு தட்டில் அப்பளங்களைப் பரப்பி, அரை நிமிடம் மட்டும் ஓட்டுங்கள்.

காவேரிப்பட்டணம் அக்கா:
செய்துவிட்டேன். அங்கங்கே திட்டுத் திட்டாகப் பொரிந்திருக்கிறது, இடையில் பச்சையாகவே கிடக்கிறது. பையனின் ஸ்கேலை வைத்து அளந்தேன், திட்டுக்குத் திட்டு சுமார் 6 செ.மீ.

ஓசூர் வாத்தியார்:
அலைநீளம் 12.2 செ.மீ., அதில் பாதி அது. சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து சில இடங்களில் வலுக்கின்றன, சில இடங்களில் அடங்கிவிடுகின்றன. அதற்காகத்தான் தட்டைச் சுற்ற வைத்தார்கள்.

காவேரிப்பட்டணம் அக்கா:
அலை விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன் தம்பி. ஆனாலும் பழைய களியைச் சூடாக்குவதையே நான் ஏற்கமாட்டேன். ராத்திரியே தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு, காலையில் மோரில் கரைத்துச் சின்ன வெங்காயத்தோடு குடிக்க வேண்டியது அது.

பென்னாகரத்தான்:
மழைநாளில் சூடாகத்தான் இறங்குகிறது அக்கா. இன்று இன்னொரு உருண்டையை விரல் தடிமனுக்குத் தட்டையாக்கி, தண்ணீர் தெளித்து, மூடி வைத்து 1 நிமிடம் ஓட்டினேன். வெளியே எடுத்து 2 நிமிடம் அப்படியே விட்டேன். நடுவிலும் நல்ல சூடு.