9ஆம் வகுப்பு மாணவி மூன்று வாரமாக ஆளே மாறிவிட்டாள்: வகுப்பாசிரியை எதுவரை போகலாம்?

கணக்கு டீச்சர்:

அரசு மேல்நிலைப் பள்ளி, வகுப்பில் 46 பேர். காலாண்டு வரை முதல் ஐந்து ரேங்குக்குள் இருந்த மாணவி, மூன்று வாரமாக மதியம் தட்டை எடுத்துக்கொண்டு தனியே போய் உட்காருகிறாள். பாதிச் சாப்பாட்டைக் கொட்டிவிடுகிறாள். வீட்டுப்பாட நோட்டில் தேதி மட்டும் இருக்கிறது, கீழே ஒன்றுமில்லை. திங்கட்கிழமையானால் வயிற்றுவலி லீவு. கொளுத்தும் வெயிலிலும் முழுக்கை ஸ்வெட்டர்.

ஸ்டாஃப் ரூமில் ஒருவர் "வயசுக் கோளாறு, ரெண்டு அதட்டு அதட்டினா சரியாயிடும்" என்கிறார். இன்னொருவர் "டிப்ரஷன், அப்பாவைக் கூப்பிடுங்க" என்கிறார். பள்ளியில் ஆலோசகர் கிடையாது. பேச்சை எப்படித் தொடங்குவது? வீட்டில் எப்போது சொல்வது?

பள்ளி ஆலோசகர்:

டிப்ரஷனா இல்லையா என்பது டாக்டர் பார்க்க வேண்டியது டீச்சர், அந்தப் பாரம் உங்களுக்கு வேண்டாம். ஆனால் டாக்டரிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது: வருகைப் பதிவேடு. முதலில் அதை எடுத்துக் கடந்த மூன்று மாத லீவைப் பாருங்கள். திங்கள் மட்டுமா? அன்று முதல் பீரியட் யாருடையது? யாராவது வகுப்பில் வைத்து அவமானப்படுத்துகிறார்களா? அல்லது சனி, ஞாயிறு வீட்டில் ஏதாவது நடக்கிறதா? லீவு மாதத்துக்கு ஒருமுறை விழுந்தால் மாதவிடாய் வலியாகவும் இருக்கலாம், கழிப்பறையில் தண்ணீர் வராததாகவும் இருக்கலாம். பார்த்ததைத் தேதியோடு ஒரு தாளில் குறித்து வையுங்கள். "சோகமாக இருந்தாள்" என்று எழுதாதீர்கள். "12ஆம் தேதி, சாப்பாட்டைப் பாதி கொட்டினாள்" என்று எழுதுங்கள்.

பேசுவதற்குக் கடைசி பெல்லுக்குப் பிந்தைய நேரம் சரிவராது. பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று பாதியில் எழுந்துவிடுவாள். விளையாட்டுப் பீரியடில், மற்றவர் கண்ணில் படுகிற, ஆனால் காதில் விழாத வராந்தா ஓரம் நல்லது. மேசைக்கு எதிரே நிற்கவைக்காமல் பக்கத்தில் உட்காரவைத்து, நோட்டு அடுக்குகிற மாதிரி கைக்கு ஒரு வேலை கொடுங்கள். முகத்துக்கு முகம் பார்க்கிற சங்கடம் பாதி குறைந்துவிடும்.

"ஏன்மா டல்லா இருக்க?" என்றால் "ஒண்ணுமில்ல மிஸ்", அத்தோடு முடிந்தது. பார்த்ததையே சொல்லுங்கள்: "மூணு வாரமா சாப்பாட்டைக் கொட்டிடுற, நோட்டுல தேதியோட நிக்குது. திட்டக் கூப்பிடல. என்னன்னு தெரிஞ்சுக்கணும்." பிறகு மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நம்மவர்களுக்கு இதுதான் முடியாது, மூன்று எண்ணுவதற்குள் அறிவுரை வந்துவிடும்.

ஸ்வெட்டர் கையை நீங்களாக விலக்கிப் பார்க்காதீர்கள். "காயம் ஏதாவது இருக்காம்மா?" என்று கேளுங்கள். கீறல் இருந்தால் முகம் மாறாமல் சுத்தமான தண்ணீரில் கழுவித் துணி கட்டுங்கள், ஆழமென்றால் ஆரம்ப சுகாதார நிலையம். "அப்பா அம்மாவ நினைச்சுப் பார்த்தியா?" என்ற கேள்வி மட்டும் வேண்டாம், ஏற்கெனவே இருக்கிற குற்ற உணர்ச்சியோடு இதுவும் சேரும். கீறிக்கொள்கிற பிள்ளைகள் எல்லோரும் சாக நினைப்பவர்கள் இல்லை. மனசு தாங்காதபோது அந்த வலியில் கொஞ்ச நேரம் ஆசுவாசம் தேடுகிறவர்கள் நிறைய. அதற்காக ஊகத்தில் விட்டுவிட முடியாது. நேராகவே கேளுங்கள்: "செத்துடலாம்னு தோணுதா?" கேட்பதால் இல்லாத எண்ணம் முளைக்காது. கேட்க ஒருவர் வந்தாரே என்று பெரும்பாலும் அழுதுவிடுவார்கள். "ஆமா" என்றால், எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறாளா என்பதையும் கேளுங்கள். அதற்கும் பதில் வைத்திருந்தால் அன்று ஒரு நிமிடம்கூடத் தனியே விடக்கூடாது. பஸ்ஸில் அனுப்பாமல் பெரியவர் ஒருவரை வரவழைத்து நேரில் ஒப்படைத்து, அன்றைக்கே மருத்துவமனை.

அறிவியல் சார்:

நெருங்கிய தோழி ஒருத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து, தினமும் நம்மிடம் சொல்லச் சொன்னால் என்ன? அப்படியே பிரேயரில் மன அழுத்தம் பற்றிப் பத்து நிமிடம் பேசலாமே.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை:

வேண்டாம் சார். 14 வயதுப் பெண்ணின் தலையில் இன்னொரு பெண்ணின் உயிரை வைக்கிற வேலை அது. ஏதாவது ஆகிவிட்டால் அந்தத் தோழி வாழ்நாளெல்லாம் சுமப்பாள். பக்கத்தில் உட்காரட்டும், சேர்ந்து சாப்பிடட்டும், உளவு சொல்ல வேண்டாம். பிரேயர் பேச்சும் இப்போது கூடாது. 46 தலையும் எந்தப் பக்கம் திரும்பும் என்று உங்களுக்கே தெரியும்.

வீட்டில் சொல்வது பற்றி: மாணவியிடம் சொல்லிவிட்டுத்தான் கூப்பிட வேண்டும். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்துவிட்டால் டீச்சர் மாட்டிக்கொள்வார். "உனக்கு ஆபத்துன்னா மட்டும் சொல்லுவேன், யார்கிட்டன்னு உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்" என்பதைப் பேச்சின் தொடக்கத்திலேயே வைத்துவிடுங்கள். வீட்டில் யாரிடம் பேசினால் அவளுக்குப் பயமில்லை என்று அவளையே கேளுங்கள். அப்பாவை விடப் பாட்டியோ சித்தியோ என்றால் அவரிலிருந்து தொடங்கலாம்.

போனில் விஷயத்தை உடைக்காதீர்கள். "மார்க் குறையுது" என்று ஆரம்பித்தால் அன்றிரவே அடி விழும். வந்தபின் முதலில் அவளிடம் உள்ள நல்லதைச் சொல்லி, பிறகு தேதிகளை வாசியுங்கள். "பைத்தியம்னு சொல்றீங்களா?" என்று கோபம் வரும், வந்தால் வாதாடாதீர்கள். "சாப்பிடல, தூங்கலன்னா உடம்புக்கு என்னன்னு காட்டணும் இல்லையா?" என்றால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். சாக நினைக்கிறாள் என்றால் வீட்டில் பூச்சிமருந்தும் மாத்திரைகளும் பூட்டுக்குள் போக வேண்டும், சாவி பெரியவரிடம். இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு. பாலியல் தொந்தரவு என்று வாயைத் திறந்தால், வீட்டாரைக் கேட்டு முடிவெடுக்கிற விஷயம் இல்லை அது. செய்தவர் வீட்டிலேயே இருக்கலாம். 2012 போக்சோ சட்டம் 19ஆம் பிரிவின்படி தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும், மறைத்தால் 6 மாதம் வரை சிறை. குழந்தைகள் உதவி எண் 1098. அவளை நாலு பேர் முன் திரும்பத் திரும்பச் சொல்லவைக்காதீர்கள்.

மாவட்ட மனநலக் குழு, சமூகப் பணியாளர்:

மேலே சொன்னவற்றோடு ஒன்று. வெயிலில் ஸ்வெட்டர் என்றதும் கீறலை நினைக்கிறோம், நினைக்கவும் வேண்டும். ஆனால் ரத்தசோகையிலும், தைராய்டு சுரப்பு குறைந்தாலும் குளிர் தாங்காது. சோர்வும் மறதியும் சேர்ந்தே வரும். அதனால் முதல் பரிசோதனையில் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். வாரம் ஒரு நாள் பள்ளியில் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை விழுங்குகிறாளா, ஜன்னல் வழியே எறிகிறாளா என்றும் ஒரு கண் வையுங்கள். வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டல் வந்து எறிகிற பிள்ளைகள் அதிகம், சாப்பிட்டபின் கொடுத்தால் அடங்கும்.

மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல வெளிநோயாளர் பிரிவு உண்டு, கட்டணம் இல்லை. தாலுகா மருத்துவமனைக்கு எங்கள் குழு எந்தக் கிழமை வருகிறது என்று கேட்டு வைத்துக்கொண்டால் அலைச்சல் மிச்சம். உங்கள் தேதித் தாளைப் பெற்றோர் கையில் கொடுத்தனுப்புங்கள், பத்து நிமிட வெளிநோயாளர் சந்திப்பில் அதற்கு ஈடில்லை. மருத்துவமனைக்குப் போகுமுன் யாரிடமாவது கேட்க வேண்டுமென்றால் 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். ஆசிரியரும் கூப்பிடலாம்.

மருந்து எழுதினால் அதன் பலன் தெரியச் சில வாரம் ஆகும். "பத்து நாளாச்சு, ஒண்ணும் மாறல" என்று வீட்டில் நிறுத்திவிடுவார்கள். இங்கேதான் பெரும்பாலும் கெட்டுப்போகிறது. வாரம் ஒருமுறை "மாத்திரை ஓடுதா?" என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். புதிதாகப் படபடப்போ, சாக வேண்டும் என்ற பேச்சோ வந்தால் அடுத்த தேதிவரை காத்திருக்கக் கூடாது.

கணக்கு டீச்சர்:

நன்றி. பதிவேட்டைப் பார்த்தேன், ஏழு லீவில் ஆறு திங்கள். அன்று முதல் பீரியடில் வாய்ப்பாடு ஒப்பிக்க மேடைக்குக் கூப்பிடுவது வழக்கம். அது என் பீரியட்தான். அரையாண்டுக்கு இன்னும் ஐந்து வாரம், வீட்டுப்பாடத்தை என்ன செய்வது?

பள்ளி ஆலோசகர்:

முழுசாக எடுத்துவிட்டால் "என்னைக் கைவிட்டுட்டாங்க" என்று நினைப்பாள். பத்துக் கணக்குக்குப் பதில் மூன்று, அதுவும் அவளுக்கு வருகிறவை. மேடைக்குக் கூப்பிடுவதை யாருக்குமே நிறுத்திவிடுங்கள், அவளுக்கு மட்டும் விலக்கு என்றால் பளிச்சென்று தெரியும். பதிலைச் சிலேட்டிலோ தாளிலோ எழுதி எல்லோரும் ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டட்டும். இந்தத் திங்கட்கிழமையிலிருந்தே.