ஆறு வருடம் கழித்துக் கபடிக்குத் திரும்புகிறேன், இந்த முறை பாடிப் போகும் ரைடராக இல்லை, ஓரத்தில் நின்று ஆளைப் பிடிக்கும் கார்னராக. உடம்பை எப்படித் தயார் செய்வது?

நத்தக்காடையூரான்:

வணக்கங்க. வயது 33. பதினேழு வயதிலிருந்து ஊர் அணியில் ரைடர். 27 வயதில் நோம்பிக்கு (ஊர்த் திருவிழா) நடந்த ஒரு போட்டியில், மழை விட்ட மண் தரையில் திரும்பும்போது இடது கால் அங்கேயே நட்டுக்கொண்டது, உடம்பு மட்டும் திரும்பியது. முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற தசைநார் அறுந்துவிட்டது. கோயம்புத்தூரில் ஆபரேஷன். நடக்கவும் மாடிப்படி ஏறவும் சொல்லிக்கொடுத்து அனுப்பினார்கள். மறுபடி விளையாடுவதைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

வருகிற மாட்டுப் பொங்கலுக்கு எங்கள் ஊரில் போட்டி. ஏழு மாதம் இருக்கிறது. ரைடு போக நல்ல பையன்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். லெஃப்ட் கார்னர்தான் இல்லை, அவர் வேலைக்காகத் திருப்பூர் போய்விட்டார். கேப்டன் என் மாமன் மகன். "நீ வந்து நில்லுடா" என்றான். இந்த ஆறு வருடமும் கோட்டுக்கு வெளியே நின்று ஒரு மேட்ச் விடாமல் பார்த்தவன் நான். எந்த ரைடர் எந்தக் காலை முன்னால் வைப்பான் என்பது எனக்கு மனப்பாடம். சரி என்றுவிட்டேன்.

ரைடராக இருந்தபோது 66 கிலோ, இப்போது 76. தேங்காய்க் களத்தில் வேலை, தேங்காய்ப் பருப்பு மூட்டை தூக்குவது தினப்படி. மூன்று மாதமாக ஜிம்மும் போகிறேன், பெஞ்ச் பிரஸ், பைசெப்ஸ் எல்லாம் ஏறியிருக்கிறது. டேப் வைத்து அளந்தால் இடது தொடை வலதைவிட 2 சென்டிமீட்டர் சிறியது.

போன ஞாயிறு பயிற்சியில் 62 கிலோ பையன் ஒருவனின் கணுக்காலை மூன்று முறை பிடித்தேன். மூன்று முறையும் என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய் நடுக்கோட்டைத் தொட்டுத் தப்பிவிட்டான். கை நழுவவில்லை, ஆள் மொத்தமாக இழுபட்டேன். ராத்திரி தூக்கமே வரவில்லை. மூட்டை தூக்குகிற உடம்புக்கு இது ஏன் நடக்கிறது? எதை மாற்ற வேண்டும்?

அவிநாசி பழைய கவர்:

தம்பி, "கை நழுவவில்லை, ஆள் இழுபட்டேன்" என்றீர்கள் பாருங்க, கோளாறு அங்கேதான் இருக்கிறது. பிடி இருக்கிறது, உட்காரும் பலம் இல்லை.

ஒரு கணக்குப் போடுங்க. கூடுதல் புள்ளிக்காக ரைடர் தாண்டிக் கால் வைக்கும் போனஸ் லைன் நடுக்கோட்டிலிருந்து 4.75 மீட்டர். அங்கே கால் வைத்த ரைடரின் கணுக்காலைப் பிடிக்கிறீர்கள். அவன் குப்புற விழுந்து கையை நீட்டினாலே இரண்டு மீட்டருக்கு மேல் போய்விடும். மிச்சம் இருப்பது இரண்டரை மீட்டர் சொச்சம். உள்பக்கம் நிற்கும் கவரும் மற்றவர்களும் வந்து விழும்வரை அதற்குள் அவனை நிறுத்தி வைக்க வேண்டியது நீங்கள். ரைடருக்குக் காலில் வேகம் வேண்டும். கார்னருக்கு இடுப்பைக் கீழே இறக்கி, பின்னால் உட்கார்ந்து, அந்தக் காலை நெஞ்சுக்கு இழுத்து வைத்துக்கொள்ளும் பலம் வேண்டும். பெஞ்ச் பிரஸ் தள்ளுகிற பலம். கெடுதல் இல்லை, ஆனால் இந்த இடத்தில் அது உதவிக்கு வராது.

மூட்டை விஷயம்: நீங்கள் தினமும் ஒரே உயரத்தில், ஒரே மாதிரி எடுத்து, நிமிர்ந்து நடக்கிறீர்கள். எதிரே யாரும் இழுப்பதில்லை. சாக்கில் மணல் நிரப்பிக்கொள்ளுங்க, முதலில் 30 கிலோ, அப்புறம் 50. நெஞ்சோடு கட்டிப் பிடித்துப் பாதி உட்கார்ந்து 20 விநாடி அசையாமல் நில்லுங்க. அடுத்து கயிறு. பெரிய வடம் ஒன்றின் ஒரு முனையைப் பையனிடம் கொடுத்து இழுக்கச் சொல்லுங்க, நீங்கள் குந்திய நிலையிலேயே தாங்குங்க. எனக்கு இதைவிடப் பலன் கொடுத்தது வேறெதுவும் இல்லை. கம்பியில் துண்டைப் போட்டு, துண்டைப் பிடித்து புல்-அப் எடுத்தால் பிடியும் முதுகும் சேர்ந்து ஏறும். தரையிலிருந்து எடைக் கம்பியைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட் கட்டாயம், நிதானமாக. கழுத்தை மறக்காதீர்கள், நெற்றியில் கை வைத்துத் தள்ளி நாலு பக்கமும் தாங்கிப் பழகுங்க. டைவ் அடிக்கும்போது எதிராளி முழங்கால் தலையில்தான் படும்.

வாரம் இரண்டு நாள் கனமாகச் செய்தால் போதும். களத்தில் லோடு ஏற்றும் நாளில் வேண்டாம், அந்த உழைப்பையும் கணக்கில் சேர்க்கணும்.

2018 ஆசிய விளையாட்டு அரையிறுதி வீடியோ பாருங்க, ஈரான் நம்மை 27–18 என்று வீழ்த்தியது. அவர்களுடைய அத்ராச்சலியும் லெஃப்ட் கார்னர்தான். பிடிக்கும்போது அவர் இடுப்பு எங்கே இருக்கிறது என்று மட்டும் கவனியுங்க.

ஈரோடு பிசியோ:

அண்ணா, எனக்கு அந்த 2 சென்டிமீட்டர்தான் பெரிய விஷயமாகத் தெரிகிறது. அதைச் சரிசெய்யாமல் கயிறு இழுத்தால் வலது காலே எல்லா வேலையையும் பார்த்துக்கொள்ளும்.

தரையில் கோடு போட்டு ஒற்றைக் காலில் தாண்டி, அதே காலில் ஆடாமல் நில்லுங்க. வலது கால் தாண்டும் தூரத்தில் இடது கால் 90 சதவீதமாவது எட்ட வேண்டும். எட்டும்வரை ஆளைப் பிடிக்கும் பயிற்சி வேண்டாம், மணல் மூட்டையைப் பிடியுங்க. பின்காலைப் பெஞ்சில் வைத்து முன்காலில் உட்கார்ந்து எழுவதை இடதில் ஆரம்பிங்க, இடது எத்தனை முடிகிறதோ வலதும் அத்தனைதான். ஒருக்களித்து முழங்கையை ஊன்றி, மேல்காலைப் பெஞ்சில் வைத்து உடம்பைத் தூக்கித் தாங்கும் சைடு பிளாங்க் செய்தால் உள்தொடை பலப்படும், கார்னருக்கு அது மிகத் தேவை.

டிஸ்சார்ஜ் பேப்பரை எடுத்துப் பாருங்க. புதுத் தசைநாரைத் தொடையின் பின்பக்கத்திலிருந்து எடுத்திருந்தால் அந்தப் பக்கம் தனியாக வேலை கொடுக்கணும். காலையில் முழங்கால் வீங்கியிருந்தால் முந்தின நாள் செய்தது அதிகம் என்று அர்த்தம். மேலே அண்ணன் சொன்ன மணல் சாக்கும் உயரமான உட்காரலில் இருந்தே தொடங்கட்டும்.

அந்த 62 கிலோ:

அண்ணா, இழுத்தது நான்தான். பயிற்சியில் சொல்லத் தயக்கமாக இருந்தது. நீங்கள் பிடிக்கும்போது எடை முழுக்க வலது காலில் இருக்கிறது, இடது காலைச் சும்மா வைத்திருக்கிறீர்கள். முதல் ரைடிலேயே தெரிந்துவிட்டது. அதனால்தான் மூன்று முறையும் உங்கள் இடது பக்கமாக இழுத்தேன். பிடி மட்டும் இரும்பு மாதிரி இருந்தது, கணுக்காலில் இன்னும் தடம் இருக்கிறது.

நத்தக்காடையூரான்:

நேற்று ராத்திரி பீரோவில் தேடிப் பேப்பரை எடுத்தேன். பின்தொடையிலிருந்துதான் எடுத்திருக்கிறார்கள். ஆறு வருடமாக அந்த வரி எனக்குத் தெரியாது. இன்று காலை களத்து சிமெண்டுத் தரையில் தாண்டிப் பார்த்தேன். வலது 150 சென்டிமீட்டர், இடது 117. 78 சதவீதம். இடதில் இறங்கும்போது பயமாக இருந்தது, கால் நடுங்கியது. பலத்தைவிட நம்பிக்கைதான் அந்தக் காலை விட்டுப் போயிருக்கிறது என்று அப்போது தோன்றியது.

பெஞ்ச் பிரஸ்ஸை நிறுத்திவிட்டேன். திங்கள், வியாழன் இடது காலுக்கு, சனிக்கிழமை மணல் சாக்கு. 90 வரும்வரை யாரையும் பிடிக்க மாட்டேன், கேப்டனிடமும் சொல்லிவிட்டேன்.

தம்பி, நீ சொன்னதற்கு ரொம்ப நன்றிடா. கிணற்றடியில் பழைய வடம் கிடக்கிறது. தொண்ணூறு வந்த அன்றைக்குக் கூப்பிடுகிறேன், அதே இடது பக்கமாக இழு.