கேவ் ஸ்டோரி: பழைய லேப்டாப், கீபோர்டு மட்டும். இப்ப ஆரம்பிக்கலாமா?

தேயிலைப்பொடி_8பிட் (கோத்தகிரி)

வணக்கம். பிளஸ் டூவில் கிடைத்த பழைய லேப்டாப். 2 ஜிபி ரேம், 1366×768 திரை, விண்டோஸ் 7. பேட்டரி செத்துப்போச்சு, சார்ஜரில்தான் ஓடும். மழை பிடிச்சா நெட் படுத்துடும், அதனால ஜிபி கணக்குல இறக்குற கேம் எதுவும் சரிப்படாது. ரெட்ரோ ஆக்‌ஷன் பிளாட்ஃபார்மர்னு (குதிச்சு, சுட்டு முன்னேறுற பழைய பாணி கேம்) தேடினா எல்லாரும் கேவ் ஸ்டோரியைத்தான் கை காட்டுறாங்க. 2004ல வந்தது இன்னும் தாங்குமா, இல்ல சின்ன வயசு ஞாபகத்துல புகழ்றாங்களா? இலவசப் பதிப்பு போதுமா, காசு கொடுத்து கேவ் ஸ்டோரி பிளஸ் பதிப்பை வாங்கணுமா? கன்ட்ரோலர் கிடையாது. கதையைப் போட்டு உடைச்சிடாதீங்க.

ஊட்டி_வர்க்கி

தாங்கும். ஞாபகத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை, கன்ட்ரோல்தான் காரணம். குதி பட்டனை எவ்வளவு நேரம் பிடிக்கிறீங்களோ அவ்வளவு உயரம் போகும். அந்தரத்துலயே திசை மாத்தலாம், கீழ்நோக்கியும் சுடலாம். ஓடி நிற்கும்போது லேசா ஒரு வழுக்கல் இருக்கும். முதல் அரை மணி நேரம் அது எரிச்சலாத்தான் இருக்கும், அப்புறம் கை பழகிடும்.

பிக்சல்ங்கற பேர்ல டைசுகே அமாயா ஒருத்தரே சுமார் 5 வருஷம் உட்கார்ந்து செஞ்சது. படம், கதை, புரோகிராம், இசை எல்லாமே அவர். இசைக்கு ஆர்கன்யானு சொந்த ஃபார்மேட்டே எழுதிக்கிட்டார். 2004 டிசம்பர்ல ஜப்பானிய மொழியில இலவசமா விட்டார். ஏயான் ஜெனிசிஸ்ங்கற ரசிகர் குழு ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தது. மொத்தமே சில எம்பிதான், மொபைல் டேட்டாவுல இறக்கினாலும் கையைக் கடிக்காது.

குறையும் உண்டு. கிராஸ்டவுன் பகுதி இழுவை: சாவி கொடு, ஜெல்லிமீன் சாறு கொண்டு வா, கரி கொண்டு வான்னு ஒரே பாதையில நாலு தடவை நடக்க விடுவாங்க. சேண்ட் ஸோன்ல 5 நாய்க்குட்டி தேடணும், ஒரு நேரத்துல ஒண்ணுதான் தூக்க முடியும். இந்த ரெண்டு இடத்துலதான் நிறைய பேர் பாதியில விட்டுட்டுப் போறாங்க. அதைத் தாண்டிட்டா கேம் ஓட்டம் பிடிக்கும்.

2011ல கம்ப்யூட்டருக்கு வந்த பிளஸ்ல புதுப் படங்கள், ஈஸி, ஹார்டு, தனிச் சவால்கள் எல்லாம் இருக்கு. முதல் தடவைக்கு அது எதுவும் தேவையில்லை. ஹார்டு பக்கம் போகவே போகாதீங்க. அதுல உயிர் கூட்டுற கேப்சூலும் கிடையாது, மிஸைலும் கிடையாது, கடைசி வரைக்கும் 3 புள்ளி உயிர்தான்.

இனி செட்டிங். ஜிப்பைப் பிரிச்சு டி டிரைவ்லயோ டெஸ்க்டாப்லயோ தனி ஃபோல்டர்ல போடுங்க. புரோகிராம் ஃபைல்ஸுக்குள்ள போட்டா விண்டோஸ் எழுத விடாம சேவ் ஃபைலை வேற எங்கேயோ கொண்டுபோய் வைக்கும், அப்புறம் தேடிக்கிட்டே இருக்கணும். கூடவே வர்ற டூகான்ஃபிக்ங்கற செட்டிங் புரோகிராமைத் திறந்து 640×480 விண்டோவைத் தேர்ந்தெடுங்க. ஃபுல் ஸ்கிரீன் போட்டா டைரக்ட்டிராங்கற பழைய விண்டோஸ் படம் வரையுற முறைங்கறதால நிறம் கெடலாம், 4:3 படம் அகலமா இழுபடலாம். கேமோட சொந்த அளவு 320×240. உங்க திரை உயரம் 768, அதாவது 3.2 மடங்கு. முழு எண்ணா வராததால சில பிக்சல் தடியாவும் சில பிக்சல் ஒல்லியாவும் தெரியும். சரியா ரெண்டு மடங்கு விண்டோவுல அந்தத் தொல்லை இல்லை. வினாடிக்கு 50 ஃபிரேம்ல ஓடுறதால 60 ஹெர்ட்ஸ் திரையில நகரும்போது மெல்லிசா ஒரு திக்கல் தெரியும். லேப்டாப் மேல பழி போடாதீங்க.

கொடை_ஜாய்ஸ்டிக்

வர்க்கி அண்ணன் சொன்னதோட கீபோர்டு சோதனை ஒண்ணையும் சேர்த்துக்கோங்க. நிறைய மலிவு கீபோர்டுகள் சில கூட்டணிகளில் மூணாவது கீயை விழுங்கிவிடும். நோட்பேடைத் திறந்து, இடது அம்பும் மேல் அம்பும் சேர்த்து அழுத்திப் பிடித்தபடி இசட் (குதிக்கும் கீ) தட்டுங்கள், பிறகு எக்ஸ் (சுடும் கீ). அடுத்து வலது அம்பு, மேல் அம்போடு அதையே செய்யுங்கள். எழுத்து விழாத கூட்டணியில் கேமிலும் குதியோ சுடுவதோ விழாது. டூகான்ஃபிக்கில் இசட், எக்ஸ் வேலையை மாற்றிப் போடலாம். அதிலும் சரிவராவிட்டால் வெளியில் ஒரு யூஎஸ்பி கீபோர்டு செருகுவதே வழி.

ஆட்டத்தின் உயிர்நாடி ஆயுத லெவல். எதிரி செத்தால் மஞ்சள் முக்கோணம் சிதறும். பொறுக்கினால் கையில் அப்போது இருக்கும் ஆயுதம் ஏறும், மொத்தம் 3 லெவல். அடி வாங்கினால் அதே ஆயுதம் இறங்கும். பாஸ் (பெரிய எதிரி) சண்டையில் தோற்பவர்களில் பாதிப் பேர் உயிர் போய்த் தோற்பதில்லை. லெவல் இறங்கி, சண்டை நீண்டு, அதனால்தான் தோற்கிறார்கள். பலரும் கவனிக்காதது என்னவென்றால், இறக்கம் கையில் இருக்கும் ஆயுதத்துக்கு மட்டும்தான். அடி நிச்சயம் என்று தெரிகிற இடத்தை அதிகம் பயன்படுத்தாத ஆயுதத்தைப் பிடித்துக்கொண்டு கடந்துவிட்டு, முக்கோணம் பொறுக்கும்போது மட்டும் முக்கிய ஆயுதத்துக்கு மாறுங்கள். மாற்ற ஏ, எஸ் கீ. பால்ஃப்ராக் மாதிரி வாய் திறக்கும்போது மட்டும் அடி படுகிற பாஸிடம், வாய் மூடியிருக்கும் நேரம்தான் பொறுக்கும் நேரம். முக்கோணம் கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும், சண்டை முடியட்டும் என்று விட்டுவைக்காதீர்கள்.

இந்த இறக்கம் அநியாயம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு இதுதான் இந்த கேமின் ஆகச் சிறந்த யோசனை. தோற்கும் தருவாயில் இருப்பவனை இன்னும் அழுத்துகிறது என்பது உண்மை. ஆனால் ஒரு மூலையில் நின்று சுட்டுக்கொண்டே இருக்கும் சோம்பேறித்தனத்துக்கு இடம் கொடுப்பதில்லை.

கூடலூர்_ஸ்டெபிலைசர்

பேட்டரி இல்லாத லேப்டாப்னு எழுதியிருக்கீங்க, அதுக்கு மட்டும் ஒரு வார்த்தை. இந்த கேம்ல தானா சேவ் ஆகறது கிடையாது. டிஸ்க் படம் இருக்கிற இடத்துல நின்னு சேவ் பண்ணினாத்தான் உண்டு. மரம் சாஞ்சு லைன் போச்சுன்னா கடைசி டிஸ்க்குக்கு அப்புறம் ஆடினது மொத்தமும் காலி. ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் எங்க பக்கம், ஐப்பசி மழைக்கு உங்க பக்கம், கரண்டை நம்பி நீளமா ஆடாதீங்க. கம்ப்யூட்டருக்கு விற்கிற சின்ன 600 விஏ யூபிஎஸ் போதும். லேப்டாப் ஒண்ணுதானே, அடுத்த டிஸ்க்குக்கு ஓடிப்போய் சேவ் பண்ற அளவுக்குத் தாங்கும்.

இன்னொண்ணு. பனியில வெளியே இருந்து கொண்டுவந்த லேப்டாப்பை அடுப்பு எரியற ரூமுக்குள்ள வெச்ச உடனே ஆன் பண்ணாதீங்க. உள்ள நீர் கோக்கும். அரை மணி நேரம் பையை மூடியே வெச்சிட்டு அப்புறம் எடுங்க. பின்னாடி மலிவு யூஎஸ்பி பேட் வாங்கினா சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட டப்பாவுல போட்டு வைங்க. ஈரத்துல உள்ள இருக்கிற ரப்பர் பட்டன் தொடுபுள்ளியில பச்சை பிடிச்சு, வலது அழுத்தினா மேலேயும் சேர்ந்து விழும். இந்த கேம்ல மேல் விழுந்தா துப்பாக்கி வானத்தைப் பார்க்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால துடைச்சா சரியாயிடும்.

தேயிலைப்பொடி_8பிட்

நன்றிங்க. நோட்பேட் சோதனை பண்ணினேன். இடது, மேல் கூட எக்ஸ் விழலை, இசட் விழுது. எக்ஸ்தான் சுடுறது, அப்ப மாத்திப் போட்டா குதி போயிடுமே? அப்புறம் சேவ் ஒண்ணுதான் வைக்க முடியுமா? போலார் ஸ்டாரை யார்கிட்டயும் கொடுக்காதேன்னு ஒரு இடத்துல படிச்சேன், அது என்ன?

ஊட்டி_வர்க்கி

ஆமா, மாத்தினா குதி போகும், ஆனா அது பரவாயில்லை. மேல பார்த்துச் சுட்டுக்கிட்டே நகர்றதுதான் அடிக்கடி வரும். மேல் அம்பை விட்டுட்டுக் குதிச்சிட்டு, உயரம் போனதும் மேல் அம்பை அழுத்திக்கலாம்.

இலவசப் பதிப்புல ஒரே சேவ்தான். ஃபோல்டருக்குள்ள ப்ரொஃபைல்னு ஒரு ஃபைல் இருக்கும். கேமை மூடிட்டு அதை வேற ஃபோல்டர்ல நகல் எடுத்து, பேருக்குப் பின்னாடி இடத்தோட பேரைச் சேர்த்துக்கோங்க. பின்னாடி வர்ற லாபிரிந்த்ங்கற பகுதிக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு நகல் கட்டாயம்.

கொடை_ஜாய்ஸ்டிக்

போலார் ஸ்டார் என்கிற துப்பாக்கி பற்றி, கதையைத் தொடாமல் சொல்கிறேன். வழியில் அதற்கு மாற்றாக மெஷின் கன் தருவதாக ஒருவர் கேட்பார். பின்னால் இன்னொருவர் அதோடு ஃபயர்பால் ஆயுதத்தையும் சேர்த்துக் கேட்டு ஸ்நேக் என்ற ஆயுதம் தருவார். இரண்டுக்கும் மறுத்து போலார் ஸ்டாரைக் கடைசி வரை வைத்திருந்து, கதையின் பின்பாதியில் கிராமத்துக்குத் திரும்ப வழி கிடைக்கும்போது முதல் குகையில் இருக்கும் கிழவரிடம் கொண்டுபோனால் ஸ்பர் கிடைக்கும். சுடும் பட்டனைப் பிடித்துச் சார்ஜ் ஏற்றி விடுகிற துப்பாக்கி. இடையில் வெகுதூரம் பலம் குறைந்த ஆயுதத்தோடு ஓட்ட வேண்டும், அதுதான் அதன் விலை.

முதல் தடவைக்கு மெஷின் கன் வாங்குங்கள். 100 குண்டு, தீர்ந்தால் தானே நிரம்பும். மூன்றாம் லெவலில் கீழ்நோக்கிச் சுட்டால் உங்களையே மேலே தூக்கும். பாதி இடங்களில் குதிக்கவே வேண்டியிருக்காது.

இந்தப் பத்தி முழுக்க ஸ்பாய்லர் (கதையை உடைக்கும்), வேண்டாமென்றால் தாண்டிவிடுங்கள். லாபிரிந்த்தில் ஒருவர் மேலிருந்து பள்ளத்தில் விழுவார். இரக்கப்பட்டு இறங்கிப் பேசினால் பூஸ்டர் 0.8 என்ற பறக்கும் கருவி கிடைக்கும், மேல்நோக்கி மட்டும் தூக்கும், முழு முடிவுக்கான வழி அடைபடும். விளிம்பிலிருந்து நேராக அக்கரைக்குத் தாவிவிட்டால் பின்னால் நாலு திசையிலும் பறக்கும் 2.0 வரும். அந்தத் தாவலுக்கும் மெஷின் கன் பெரிய துணை. உதவி செய்கிறவனுக்குத் தண்டனை, கண்டுகொள்ளாமல் போகிறவனுக்குப் பரிசு, அதற்கு ஒரு குறிப்புகூட எங்கும் கிடையாது. மோசமான வடிவமைப்பு. அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன்.

ஊட்டி_வர்க்கி

இதுல எனக்கு உடன்பாடு இல்லை. 0.8 வாங்கினாலும் கேம் முழுசா முடியும், அந்த முடிவும் நல்ல முடிவுதான். இன்னொரு தரம் ஆடறப்ப அந்த ஆளைத் தாண்டிப் போறதோட கனம் தெரியணும்னா, முதல் தடவை இறங்கிப் பேசியிருக்கணும். 2.0 வழியில வர்ற கடைசிப் பகுதி வேற லெவல் கடினம், புதுசா ஆடறவங்க அங்க முட்டிக்கிட்டு கேமையே வெறுத்துடறாங்க. மேல இருக்கிற ஸ்பாய்லரைப் பார்க்காம இருந்திருந்தா முதல் தடவை பேசுங்க. பார்த்துட்டீங்கன்னா, அதான் லாபிரிந்த்துக்கு முன்னாடி எடுத்த நகல் இருக்கே.

கொடை_ஜாய்ஸ்டிக்

நகல் எடுப்பதற்கு முன் மெஷின் கன்னா, போலார் ஸ்டாரா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். அந்தப் பேரம் லாபிரிந்த்துக்கு முன்னாலேயே, சேண்ட் ஸோனில் முடிந்துவிடும். அந்த நகலால் அதை மாற்ற முடியாது. சேண்ட் ஸோனில் நுழையும் முன் தனியாக இன்னொரு நகலும் எடுத்து வையுங்கள்.