தோட்டப் பாடசாலைச் சித்திர வகுப்புக்கு எலிசபெத் கேட்லெட் எதற்கு?

கேள்வி: தலவாக்கலை சித்திர ஆசிரியை

அன்புள்ள ஆசிரியர்களுக்கும் கலை நண்பர்களுக்கும் வணக்கம்.

தலவாக்கலைக்கு அருகிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் பத்தாம், பதினோராம் தரங்களுக்குச் சித்திரம் கற்பித்து வருகிறேன். கடந்த தவணையில் ‘எங்கள் மலையில் ஒரு காலைப்பொழுது’ என்ற தலைப்பைக் கொடுத்தபோது, ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் கொழுந்து பறிக்கும் பெண்ணையே வரைந்தார்கள். அந்தப் பெண் சிவப்புச் சேலை உடுத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் இடுப்பில் சுற்றிக்கட்டும் முரட்டுப் படங்கு இல்லை, பக்கத்தில் கொழுந்து மட்டம் பார்க்கும் மட்டக்கம்பு இல்லை, காலில் அட்டை கடித்த தழும்பும் இல்லை. விடிவதற்கு முன்பே தாயைப் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) அனுப்பிவிட்டுப் பாடசாலைக்கு வரும் பிள்ளைகள், தேயிலைப் பொதியில் அச்சிட்ட பெண்ணைப் பார்த்து வரைந்தது போல வரைந்திருந்தார்கள். புள்ளி போடவே எனக்குக் கை வரவில்லை.

அதன் பின்னர்தான் எலிசபெத் கேட்லெட்டைப் பற்றித் தேடிப் படித்தேன். (பெயரைச் சொன்னதும் வகுப்பே சிரித்தது, கன்டீன் கட்லட்டை நினைத்துக்கொண்டார்கள்.) 1915இல் வொஷிங்டனில் பிறந்த இந்தக் கறுப்பினச் சிற்பி, திறமையால் தெரிவான பின்னரும் நிறத்தின் காரணமாகவே பிட்ஸ்பர்க்கின் கார்னகி தொழில்நுட்ப நிறுவனத்தில் இடம் மறுக்கப்பட்டு, ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் படித்தார். பின்னர் வட கரோலினாவில் பாடசாலை ஆசிரியையாக இருந்தபோது, கறுப்பின ஆசிரியர்களுக்கும் வெள்ளையருக்கு நிகரான சம்பளம் வேண்டும் என்ற போராட்டத்தில் சேர்ந்துகொண்டார். 1946இல் மெக்சிகோ சென்ற அவர், 1958 முதல் அந்நாட்டுத் தேசியப் பல்கலைக்கழகத்தில் சிற்பக்கலைப் பேராசிரியராகவும் இருந்தார். 1962இல் மெக்சிகோப் பிரஜையானதும் அமெரிக்கா அவரை விரும்பத்தகாத அந்நியர் என்று அறிவித்தது. 2002இல்தான் அமெரிக்கக் குடியுரிமை அவருக்குத் திரும்பக் கிடைத்தது.

1952இல் அவர் செதுக்கிய ‘குத்தகை விவசாயி’ என்ற லினோ அச்சில் (லினோலியத் தகட்டைச் செதுக்கி, மையிட்டுத் தாளில் எடுக்கும் படம்), அகன்ற வைக்கோல் தொப்பி அணிந்த ஒரு பெண் நம்மைப் பார்க்காமல் வேறெங்கோ நோக்கியிருக்கிறாள். அவள் சிரிக்கவில்லை. மேலாடையைச் சேர்த்துப் பிடித்திருப்பது ஒரு ஊக்கு. அந்த ஊக்கைப் பார்த்த பிறகு என் வகுப்பின் சிவப்புச் சேலைகளை என்னால் ஏற்க முடியவில்லை.

இவருடைய குடியுரிமைக் கதையும் மலையகத் தமிழரான நம்முடைய கதையும் ஒன்றுபோலவே இருப்பதால் பிள்ளைகளுக்கு எளிதில் விளங்கும் என்று நினைக்கிறேன். எங்கிருந்து தொடங்கலாம்? எங்களிடம் லினோவும் இல்லை, செதுக்கும் உளியும் இல்லை.

பதில் 1: பண்டாரவளை, ஓய்வுபெற்றவர்

ஆசிரியை அவர்களுக்கு, படத்துக்கு முன்னர் ஒரு சம்பவத்தைச் சொல்லித் தொடங்குங்கள்.

அயோவாப் பல்கலைக்கழகத்தில் 1940இல் முதுமாணிப் பட்டம் பெற்ற கேட்லெட், நியூ ஓர்லியன்ஸின் டில்லார்ட் பல்கலைக்கழகத்தில் சித்திரத் துறையைப் பொறுப்பேற்றார். 1941இல் அந்நகரின் கலைக்கூடத்தில் பிக்காசோவின் ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன. ஆனால் கலைக்கூடம் இருந்த பூங்காவுக்குள் கறுப்பின மக்கள் கால் வைக்கவே தடை இருந்தது. பொதுமக்கள் வராத ஒரு நாளைக் கேட்டுப் பெற்றுக்கொண்ட அவர், மாணவர்களைப் பஸ்ஸில் ஏற்றி, பூங்காவின் மண்ணில் ஒருவரும் நடக்க வேண்டியிராதபடி கலைக்கூடத்தின் வாசலிலேயே கொண்டுபோய் இறக்கினார். அவர்களில் பெரும்பாலானோர் அதற்கு முன்னர் ஒரு கலைக்கூடத்தைக் கண்டதே இல்லை. டில்லார்டில் அவரிடம் படித்த சமெல்லா லூயிஸ் பிற்காலத்தில் தாமும் ஓவியராகவும் பேராசிரியராகவும் விளங்கி, 1976இல் லொஸ் ஏஞ்சலஸில் ஆபிரிக்க அமெரிக்கக் கலைக்கென ஓர் அருங்காட்சியகத்தைத் தொடங்கினார்.

என் சேவைக் காலம் முழுவதிலும் ஒரு மாணவரைக்கூட என்னால் கொழும்புக் கலைக்கூடம் ஒன்றுக்குள் அழைத்துச் செல்ல முடியவில்லை. எங்களைத் தடுக்கச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. பஸ் கூலியே போதுமானதாக இருந்தது. சீகிரியாவையும் பொலன்னறுவைக் கல் விகாரையையும் மங்கலான கறுப்பு வெள்ளைப் பிரதிகளில் காட்டித்தான் பரீட்சைக்கு அனுப்பினேன். அவை நம் நாட்டின் பொதுச் செல்வங்கள், கட்டாயம் கற்க வேண்டியவை. ஆனாலும் பாட்டனார் காலத்திலிருந்து தாம் வாழும் மலையில் கலை என்று சொல்லத்தக்கது ஒன்றுமே இல்லை என்ற எண்ணம் பிள்ளைகளின் மனதில் தானாகவே ஊறிவிடுகிறது.

பதில் 2: மஸ்கெலியா, நுண்கலைப் பட்டதாரி

இருவருடைய அக்கறையையும் மதிக்கிறேன், ஆனால் ‘ஒன்றுபோலவே’ என்ற சொல்லை ஏற்க முடியாது. கேட்லெட் நெருக்குதலுக்கு நடுவிலும் தாமாகவே மெக்சிகோக் குடியுரிமையைத் தெரிவு செய்தார். நம் முன்னோரிடம் எவரும் எதையும் கேட்கவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது, 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஆட்களை எண்ணிக்கையாக்கி இலங்கைக்கும் இந்தியாவுக்கும் பங்கிட்டது, எஞ்சியிருந்தோருக்காக 2003இலும் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. மேலும், அங்கே நிறம் செய்த வேலையை இங்கே இனம், கூலித்தொழில், சாதி, மொழி எல்லாம் சேர்ந்து செய்கின்றன. வேறுபாட்டைச் சொல்லாமல் ஒப்பிட்டால் பிள்ளைகள் இரண்டு வரலாறுகளையும் பாதி பாதியாகத்தான் கற்பார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒதுக்குதல் எப்போதும் வெளியிலிருந்துதான் வருகிறது என்று எண்ண வேண்டாம். நான் பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் முன்னர் ஒரு கலைவிழாவுக்காகக் காமன் கூத்தை நிகழ்த்த முன்வந்தபோது, “அது தோட்டத்துச் சடங்குதானே, கலை நிகழ்ச்சி ஏதாவது கொண்டுவாருங்கள்” என்று சொன்னவர் தமிழர்தான். ரதியும் மதனும் ஒப்பனையோடு லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) வாசல்தோறும் வருவதும், சிவன் மதனை எரிப்பதும், தப்பு என்ற பறையின் ஓசை மாறுவதைக் கேட்டே அடுத்தது என்ன என்று ஊர் முழுவதும் அறிந்துகொள்வதும் அவருக்குக் கலையாகத் தெரியவில்லை.

கேட்லெட்டைக் காட்டுங்கள், கூடவே நம்மவரையும் காட்டுங்கள். தேநீர்ப் பைகளையே ஊடகமாகக் கொண்டு படைத்த ஹனுஷா சோமசுந்தரம் மலையகத்தைச் சேர்ந்தவர்தான். தாம் அறிந்ததை வரையலாம் என்ற துணிவு பிள்ளைகளுக்கு அங்கிருந்தும் வரும். கேட்லெட்டுக்கே அந்தத் துணிவு ஒருவரிடமிருந்து வந்தது: நன்கு அறிந்ததையே படைப்பாக்கும்படி அயோவாவில் அவருக்குச் சொன்னவர் கிராண்ட் வுட் என்ற வெள்ளையின ஓவியர்.

பதில் 3: ஹட்டன் அச்சுக்காரர்

செய்முறை பற்றி மட்டும் எழுதுகிறேன். கேட்லெட் மெக்சிகோவில் மக்கள் அச்சுக்கலைப் பட்டறையோடு சேர்ந்து லினோவைக் கையாண்டதற்கு, செலவு குறைவு, பிரதிகள் அதிகம், ஏழையும் ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டலாம் என்பதே காரணம். ஆகவே லினோ இல்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

நான் முதலில் பழைய இறப்பர் செருப்பின் அடியில் செதுக்க வைத்தேன். அச்சு நன்றாகவே விழுந்தது. ஆனால் ஒரு தகப்பனார் பாடசாலைக்கு வந்து, “பெற்ற தாயின் முகத்தைச் செருப்பிலா வெட்டச் சொன்னீர்கள்?” என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். அன்றிலிருந்து பழைய சைக்கிள் டியூப்தான். கழுவிக் காயவைத்து, கத்தரிக்கோலால் உருவங்களை வெட்டி, ஒட்டுப்பலகைத் துண்டில் ஒட்டிவிட்டால் அச்சுக்கட்டை ஆயத்தம். மையை உருட்ட உருளை தேவையில்லை. பஞ்சைத் துணியில் முடிந்து மெல்ல ஒற்றினால் போதும். தாளை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்க்க வேண்டும். எழுத்து வைப்பதானால் இடவலமாக மாற்றி ஒட்டச் சொல்லுங்கள். ‘கொழுந்து’ என்று எழுதிய என் மாணவன் ஒற்றைக்கொம்பை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் அரை மணித்தியாலம் உட்கார்ந்திருந்தான்.

மீண்டும்: தலவாக்கலை சித்திர ஆசிரியை

மூவருக்கும் நன்றி. மஸ்கெலியா நண்பர் சொன்னது சரி. ‘ஒன்றுபோலவே’ என்று எழுதியது என் அவசரம். நேற்று பூங்காவுக்குள் பஸ் போன கதையைச் சொன்னபோது, “இறங்கி ஓடியிருந்தால் பிடித்திருப்பார்களா, டீச்சர்?” என்று ஒரு பையன் கேட்டான். பிறகு கைத்தொலைபேசியில் படத்தைக் காட்டினேன். அவர்கள் முதலில் பேசியது நிறத்தைப் பற்றியல்ல. அந்தத் தொப்பி மழைக்குத் தாங்குமா, நம் ஆட்கள் போடும் முக்காடு நல்லதா என்றுதான் வாதித்தார்கள். கடைசி வரிசையில் இருந்த ஒரு பிள்ளை, படங்கின் கயிறு அறுந்தால் தன் தாயும் ஊக்குத்தான் குத்துவார் என்றாள்.

நகரத்து டயர் கடையில் பழைய டியூப்புகள் கேட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள். ஹட்டன் நண்பரே, அச்சு மைக்குப் பதிலாக விளக்குக் கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்தால் தாளில் எண்ணெய் பரவுமா?