கையில் கெனுலா இருந்ததா, இல்லையா?

லயத்துப்பிள்ளை:
நேற்று வேறொரு திரியில் 'வார்டு ஏழு' என்பவர் எழுதியிருந்தார்: "புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போன டீச்சரைத் தெய்வமாக்காதீர்கள். அது தியாகம் இல்லை, அறியாமை. கையில் கெனுலாவோடு, அதாவது மருந்து ஏற்ற நரம்பில் குத்தி வைக்கிற சின்னக் குழாயோடு, வந்தார் என்பது கட்டுக்கதை." அந்தக் கதையைச் சொன்னவன் நான்தான். இரவு முழுக்கத் தூக்கமில்லை.

2016. இலங்கை மலையகத்தில், கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலை. சாதாரண தரப் பரீட்சை எழுத 23 பேர் இருந்தோம், கணிதத்துக்கு அவர் ஒருவர்தான். மார்பில் ஒப்பரேஷன் முடிந்து, 21 நாளைக்கு ஒருதரம் கண்டிக்குப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வருவார். மெயின் ரோட்டில் பஸ் இறங்கி, ஸ்டோரைத் தாண்டி, கொழுந்து மலைக்குள்ளால் குறுக்குப் பாதையில் ஏறி வருவார். மருந்தில் விரல் மரத்துப்போய், வெண்கட்டி கையில் நிற்காது. விழும், எடுப்பார், மறுபடி விழும். அப்புறம் "நீ வா தம்பி" என்று என்னை எழுத வைத்தார். அவர் கதிரையில் இருந்து சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பிழை விட்டால் "அழி" என்பார், எங்கே பிழை என்று சொல்லமாட்டார். இருபடிச் சமன்பாடு எனக்கு அப்படித்தான் பிடிபட்டது. கையில் கெனுலா இருந்தது. கண்ணால் பார்த்தேன்.

வார்டு ஏழு:
பெயர் சொல்லி இழுத்ததால் வருகிறேன். மருந்து ஏற்றி முடிந்ததும் கெனுலாவைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். நீங்கள் பார்த்தது பஞ்சும் பிளாஸ்டரும்.

லயத்துப்பிள்ளை:
பஞ்சுக்கும் கெனுலாவுக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்கிறீர்களா? தோட்டத்துப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்ற அதே பழைய நினைப்பு.

வார்டு ஏழு:
நானும் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன்தான், நோர்வூட். என்னிடம் அந்தப் பேச்சு வேண்டாம்.

பதுளை நர்ஸ்:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். பொதுவாகக் கழற்றித்தான் அனுப்புவோம். ஆனால் கெனுலாவைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. கீமோவுக்குப் பிறகு ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரைக்கும் கிருமியை எதிர்க்கிற வெள்ளணுக்கள் நன்றாகக் குறைந்திருக்கும். மூக்குச்சளியோடு 23 பிள்ளைகள் இருக்கிற வகுப்பு அந்த நேரத்தில் ஆபத்து. காய்ச்சல் 38 பாகை ஆனால் அதே நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்வோம்.

லயத்துப்பிள்ளை:
டீச்சருக்கு அது தெரியும், அக்கா. இரண்டாவது கிழமை வரமாட்டார், மூன்றாவது கிழமை வந்து இரண்டு பாடவேளையைச் சேர்த்து எடுப்பார். அறியாமை என்று எழுதியவர் இதைப் படிக்கட்டும்.

வார்டு ஏழு:
அப்படியானால் மருந்து ஏற்றி இரண்டு கிழமை கழித்துத்தான் வந்திருக்கிறார். இரண்டு கிழமை ஒரே கெனுலா கையில் இருக்குமா? நீங்களே உங்கள் கதையை உடைத்துவிட்டீர்கள்.

லயத்துப்பிள்ளை:
முதல் கிழமையும் சில நாள் வந்தார். வாந்தி எடுத்துவிட்டு, பைப்படியில் வாயைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் பார்த்தேன். கெனுலா இருந்தது.

டிக்கோயாக்காரி:
கெனுலாவை விடுங்கள். ஏன் அவர் வர வேண்டியிருந்தது? பதிலுக்கு ஓர் ஆசிரியர் இல்லை. வெளி மாவட்டத்திலிருந்து நியமனம் எடுத்து வருகிறவர்கள் ட்ரான்ஸ்ஃபர் கிடைத்ததும் போய்விடுவார்கள். நோயாளிதான் மிஞ்சுவார். பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியை எதற்குக் கட்டினார்கள்? நம் பிள்ளைகள் நம் பாடசாலைக்கு ஆசிரியராக வரட்டும் என்றுதானே.

பூண்டுலோயா வாத்தியார்:
தங்கச்சி, எல்லாரையும் ஒரே சாக்கில் போடாதீர்கள். நான் வவுனியா. இங்கே ஒன்பது வருடமாகப் படிப்பிக்கிறேன். என் பிள்ளைக்கு மூன்று வயதாகும் வரைக்கும் மாதம் ஒரு தடவைதான் முகம் பார்த்தேன்.

டிக்கோயாக்காரி:
நீங்கள் ஒருவர், சேர். போனவர்களை எண்ணுங்கள். மலையகத்துக்கு எடுத்த ஆசிரியர் உதவியாளர்களுக்கு முதலில் மாதம் 6000 ரூபாய், பிறகு 10,000. அந்தக் காசில் பஸ்ஸுக்குக் கொடுத்துவிட்டு நின்று படிப்பித்தவர்கள் இங்கத்தைய பிள்ளைகள்.

பூண்டுலோயா வாத்தியார்:
அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. "வெளியாள்" என்ற சொல்தான் குத்துகிறது. இனி இந்தத் திரியில் எழுதமாட்டேன்.

லயத்துப்பிள்ளை:
பேச்சை மாற்றவேண்டாம். பதில் ஆசிரியர் கேட்டு மூன்று கடிதம் போனது, ஒருவரும் வரவில்லை. டீச்சர் லீவு போட்டிருந்தால் நாங்கள் 23 பேரும் சும்மா உட்கார்ந்திருப்போம். இன்றைக்கு நான் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறேன். என் தங்கை கணிதம் படிப்பிக்கிறாள். இதை அறியாமை என்று சொல்ல இவர் யார்?

வார்டு ஏழு:
யார் என்று சொல்கிறேன். எங்கள் அம்மாவும் டீச்சர், அதே நோய். தவணைப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தவருக்குக் காய்ச்சல் வந்தது. "இந்தக் கட்டு முடியட்டும்" என்றார். தாள் கட்டுக்குப் பக்கத்தில் வெப்பமானி, 38.6. விடியும்வரை திருத்தினார். நான்காம் நாள் நாங்கள் வாகனம் பிடித்தது பெட்டி கொண்டு வர. அந்தத் தாள்களை வாங்க வந்த பிள்ளைகளும் "தெய்வம்" என்றுதான் சொன்னார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். எங்கள் வீட்டில் அம்மா இல்லை. உங்கள் டீச்சர் தப்பியது அவர் அதிர்ஷ்டம். அதைக் காட்டி அடுத்த டீச்சரை மலை ஏறச் சொல்லாதீர்கள்.

பதுளை நர்ஸ்:
தம்பி, மனசு கனக்கிறது.

லயத்துப்பிள்ளை:
அம்மாவுக்காக வருந்துகிறேன். உண்மையாக. ஆனால் நான் யாரையும் ஏறச் சொல்லவில்லை. ஏறியவரைப் பொய்யாக்காதீர்கள் என்கிறேன். நீங்கள் எழுதிய சொல் "கட்டுக்கதை". அதை இன்னும் திரும்ப எடுக்கவில்லை.

வார்டு ஏழு:
எடுக்கமாட்டேன். கெனுலா கட்டுக்கதைதான்.

பதுளை நர்ஸ்:
தம்பி, ஒப்பரேஷன் எந்தப் பக்கம்? அந்தப் பக்கக் கையில் ஊசி போடுவதைத் தவிர்ப்போம். நீங்கள் எந்தக் கையில் பார்த்தீர்கள்?

லயத்துப்பிள்ளை:
ஒப்பரேஷன் இடப்பக்கம். பார்த்தது வலக்கை, வெண்கட்டி பிடிக்கிற கை. மணிக்கட்டுக்கு மேலே, வெள்ளைப் பட்டிக்குள் நீல மூடி. சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டுதான் என்னைக் கூப்பிட்டார்.

வார்டு ஏழு:
நீல மூடி இப்போதுதான் வருகிறது. முதல் பதிவில் இல்லை.

லயத்துப்பிள்ளை:
முதல் பதிவில் எல்லாவற்றையும் எழுத வேண்டுமா? எங்கள் வகுப்பில் மற்ற 22 பேரையும் கூப்பிடுகிறேன். நாளை இரவு வாருங்கள்.

வார்டு ஏழு:
220 பேர் வந்தாலும் அது பிளாஸ்டர்தான்.